வீட்டு பியூட்டி பார்லருக்குக் காப்பீடு: எந்தப் பாலிசி எதற்குப் பொறுப்பு?

வீட்டின் முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்தும் பெண்களிடம் காப்பீடு பற்றிக் கேட்டால், பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். ‘வீட்டுக்குப் போட்டிருக்கிறோம், பார்லரும் வீட்டுக்குள்தானே இருக்கிறது’ என்பது ஒன்று. ‘லோன் வாங்கும்போது பேங்கிலேயே போட்டுவிட்டார்கள்’ என்பது இன்னொன்று. ‘த்ரெட்டிங்குக்கும் ஃபேஷியலுக்கும் எதற்கு இன்சூரன்ஸ்?’ என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருப்பதால்தான் யாரும் அதற்கு மேல் விசாரிப்பதில்லை.

எங்கள் தெருவில் பார்லர் நடத்தும் ஒருவர் தம் பாலிசியை எடுத்துவந்து காட்டினார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். பிரீமியம் ஒரு வருடமும் தவறியதில்லை. முதல் பக்கத்தில் கட்டடத்தின் பயன்பாடு என்ற கட்டத்தில் ‘குடியிருப்பு’ என்று அச்சாகியிருந்தது. ஃபேஷியல் படுக்கை, ஸ்டீமர், வாக்ஸ் ஹீட்டர், அலமாரி நிறைய கிரீம்கள் என எதைப் பற்றியும் அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் ஏமாற்றப்படவில்லை. கேட்டதைத்தான் கொடுத்திருக்கிறார்கள்; அவர் கேட்டது வேறொன்றுக்கு.

மொய்யும் பஸ் டிக்கெட்டும்

காப்பீட்டைச் சேமிப்பு என்று நினைப்பவர்கள் அதை மொய்யோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மொய் எழுதினால், நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும் என்ற எதிர்பார்ப்பு உண்டு. காப்பீட்டில் எல்லாரும் பணம் போடுகிறார்கள், ஆனால் இழப்பு நேர்ந்தவருக்கு மட்டுமே அந்தப் பொதுப் பணத்திலிருந்து தொகை போகிறது. ஒன்றும் நேராதவருக்கு ஒன்றும் திரும்பாது. அப்படிப் போடும் பணத்துக்குப் பிரீமியம் என்று பெயர். என்ன நேர்ந்தால் எவ்வளவு தரப்படும் என்று எழுதிய ஒப்பந்தத்துக்குப் பாலிசி என்று பெயர். நேர்ந்த பின் தொகையைக் கேட்பது கிளெய்ம்.

அந்த ஒப்பந்தம் பஸ் டிக்கெட்டைப் போன்றது. தாம்பரத்தில் ஏறிச் செங்கல்பட்டுக்கு டிக்கெட் எடுத்தவர் திண்டிவனத்தில் இறங்கினால், ‘டிக்கெட் வைத்திருக்கிறேனே’ என்று பரிசோதகரிடம் வாதாட முடியாது. கையில் டிக்கெட் இருக்கிறதா என்பதைவிட, அது எங்கிருந்து எதுவரை என்பதுதான் கேள்வி. பாலிசியிலும் எந்தப் பொருள், எந்த முகவரி, எந்தக் காரணத்தால் நேர்ந்த இழப்பு, யாருக்கு நேர்ந்த இழப்பு என்று நான்கு எல்லைகள் எழுதப்பட்டிருக்கும். கிளெய்ம் மறுக்கப்பட்டதாகக் குறைப்படுபவர்களில் பலர், இந்த நான்கில் ஏதோ ஒன்றைத் தாண்டிப் பயணம் செய்தவர்கள்.

ஆகவே வீட்டு பார்லருக்கு ‘ஒரு இன்சூரன்ஸ்’ என்று எதுவும் கிடையாது. என் பொருளுக்கு நேர்வது, என்னிடம் வந்தவருக்கு நேர்வது, எனக்கே நேர்வது என்று மூன்று தனித்தனி ஆபத்துகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டுப் பாலிசி எதுவரை வரும்

இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுப் பாலிசியை விற்கின்றன. கட்டடத்துக்குக் காப்பீடு செய்தால், அத்தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, வீட்டுச் சாமான்களுக்கும் அதிலேயே பாதுகாப்பு உண்டு. இந்த வசதிதான் குழப்பத்துக்கும் காரணம். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் ஆகியவை வீட்டுச் சாமான்கள். விற்பதற்காக அடுக்கி வைத்த ஃபேஸ் கிரீம் பெட்டிகளையும் ஹைட்ராலிக் நாற்காலியையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கேட்டால், இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் ‘இவை தொழிலுக்கானவை அல்லவா?’ என்று கேட்பார். கட்டடத்துக்கான கிளெய்மிலும், வீட்டின் ஒரு பகுதியில் தொழில் நடக்கிறது என்பதை நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறோமா என்பது முக்கியமாகிவிடும்.

வாடகை வீட்டில் நடத்துபவருக்கு இன்னும் எளிய பதில்: கட்டடப் பாலிசி உரிமையாளருடையது; அதில் உங்கள் பொருளுக்கு இடமே இல்லை.

வங்கி போட்ட பாலிசி

முத்ரா கடன் வாங்கிப் பார்லர் தொடங்கியவர்கள் பலர் இருக்கிறார்கள். கடனில் வாங்கிய பொருள்களுக்கு வங்கி காப்பீடு கேட்பது வழக்கம். பிரீமியத்தையும் கடன் கணக்கிலிருந்தே எடுத்துக்கொள்ளும். அந்தப் பாலிசி வங்கியின் கடனைக் காப்பதற்காக எடுக்கப்படுவது. பொருள் எரிந்தால் வரும் தொகையில் வங்கிக்கே முதல் உரிமை. கடனுக்குப் பிறகு உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிச் சேர்த்த பொருள்கள் அதில் சேர்ந்திருக்குமா என்பது, நீங்கள் சேர்க்கச் சொன்னீர்களா என்பதைப் பொறுத்தது. வாடிக்கையாளரின் தோல் வெந்துபோனால் அந்தப் பாலிசிக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அதன் நகலை வங்கியில் கேட்டு வாங்கிப் படித்தவர்கள் அரிது.

பார்லரின் பொருள்களுக்கு உரிய பாலிசி

ஓரிடத்தில் உள்ள சொத்தின் மொத்த மதிப்பு 5 கோடி ரூபாயைத் தாண்டாத சிறு தொழில்களுக்கு, அதே 2021 ஏப்ரலில் ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்‌ஷா’ என்ற பாலிசி வந்தது. இதையும் இதையொத்தவற்றையும் பேச்சுவழக்கில் ‘ஃபயர் பாலிசி’ என்றே சொல்வதால், தீப்பிடித்தால் மட்டும்தான் பணம் வரும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் புயல், வெள்ளம், நிலநடுக்கம், இடி, கலவரம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்து ஏற்படும் சேதம் ஆகியவையும் இதில் அடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நினைத்துப் பார்த்தால், முன்னறைப் பார்லருக்கு நெருப்பைவிடத் தண்ணீர்தான் பக்கத்து ஆபத்து என்று தோன்றுகிறது.

திருட்டு தனி விஷயம். இந்தப் பாலிசியில் தீ, வெள்ளம் போன்ற ஒரு நிகழ்வு நடந்த 7 நாட்களுக்குள், அதைப் பயன்படுத்திக்கொண்டு நடக்கும் திருட்டுக்கு மட்டுமே இடம் உண்டு. சாதாரண நாளில் பூட்டை உடைத்து எடுத்துப்போனால் அதற்குக் கொள்ளைக் காப்பீடு என்ற வேறொரு பாலிசி வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பாலிசி வாசகம் பலவந்தமான நுழைவைக் கோரினால் அது நடந்திருந்தே ஆக வேண்டும் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே பூட்டையோ கதவையோ உடைத்து நுழைந்தால் கொள்ளை. வாடிக்கையாளராக வந்த ஒருவர் ஹேர் ஸ்ட்ரெயிட்னரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனால் அது திருட்டுத்தான், ஆனால் அந்தப் பாலிசியின் அர்த்தத்தில் கொள்ளை இல்லை.

முகவரியையும் மறக்கக் கூடாது. முகூர்த்த நாளில் விடியற்காலை மூன்று மணிக்கு மேக்கப் பெட்டியோடு மண்டபத்துக்குப் புறப்படும்போது, பாலிசியில் எழுதிய முகவரியை விட்டு வெளியே வந்துவிடுகிறீர்கள். பெட்டி ஆட்டோவிலோ மணமகள் அறையிலோ காணாமல் போனால் வீட்டு முகவரிப் பாலிசி பொதுவாக உதவாது. வெளியே கொண்டுசெல்லும் கருவிகளுக்குத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். வருமானத்தில் பெரும்பங்கு மணப்பெண் அலங்காரத்திலிருந்து வருபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

குறைத்துப் போட்டால் என்ன ஆகும்

பிரீமியம் குறைய வேண்டும் என்று பொருளின் மதிப்பைக் குறைத்துச் சொல்வது பரவலான பழக்கம். ‘பாதி எரிந்தால் பாதிப் பணம் வந்தால் போதுமே’ என்ற கணக்கு அது. கணக்கு அப்படி வேலை செய்யாது.

உங்கள் பார்லரில் 4 லட்சம் ரூபாய்ப் பொருள் இருக்கிறது, 2 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மின்கசிவில் 1 லட்சம் ரூபாய்ப் பொருள் கருகிவிட்டது. காப்பீட்டுத் தொகை 2 லட்சம், இழப்பு அதற்குள்தான் இருக்கிறது, ஆகவே முழு 1 லட்சமும் வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது 50,000 ரூபாய். மொத்த மதிப்பில் பாதியைத்தான் நிறுவனத்திடம் ஒப்படைத்தீர்கள். மீதிப் பாதிக்கு நீங்களே பொறுப்பேற்றதாகக் கொள்ளப்படும். கூட்டு வியாபாரத்தில் பாதிப் பங்குதாரர் நஷ்டத்திலும் பாதியை ஏற்பதைப் போன்றது இது. இதற்குக் குறைகாப்பீடு என்று பெயர். சூக்ஷ்ம உத்யம் பாலிசியில் 15 சதவீதம் வரையிலான குறைவைக் கண்டுகொள்வதில்லை. அதற்கு மேல் போனால் இந்தக் கழிவு வரும். இவை தவிர, ஒவ்வொரு கிளெய்மிலும் முதலில் ஒரு சிறு தொகையை நாமே ஏற்க வேண்டியிருக்கலாம். அந்தத் தொகையும் பாலிசியிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இதுவரை சொன்னவை பொருள்களைப் பற்றியவை: தொழில் பொருள்களுக்குத் தொழில் பாலிசி, கொள்ளைக்குத் தனி, வெளியே கொண்டுபோவதற்குத் தனி, மதிப்பை முழுதாகச் சொல்ல வேண்டும். பார்லர் நடத்துபவர்கள் இந்தப் பகுதியைப் பற்றியாவது யோசித்திருப்பார்கள். அடுத்ததைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்

வாடிக்கையாளருக்கு இரண்டு விதமாகத் தீங்கு நேரலாம். தலை அலசும் இடத்தில் சிந்திய தண்ணீரில் வழுக்கி விழுந்து கை முறியலாம். அல்லது, போட்ட ஹேர் டையால் முகம் வீங்கலாம். இரண்டுமே உங்கள் வீட்டில் நடந்தவை, இரண்டுக்கும் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள். காப்பீட்டில் மட்டும் இவை வேறு வேறு அறைகள்.

முதலாவது, இடத்தால் நேர்ந்தது. இதற்கு உரியது பொதுப் பொறுப்புக் காப்பீடு: உங்கள் இடத்துக்கு வந்த வெளியாருக்கு நேர்ந்த தீங்குக்கு, சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டை நிறுவனம் ஏற்பது. கடைக்காரர்களுக்கென்று விற்கப்படும் தொகுப்புப் பாலிசிகளில் இது ஒரு பிரிவாகக் கிடைக்கும். (1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்று ஒன்று உண்டு. அது அபாயகரமான இரசாயனங்களைக் கையாளும் நிறுவனங்களுக்கானது. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.)

இரண்டாவது, செய்த வேலையால் நேர்ந்தது. பொதுப் பொறுப்புப் பாலிசிகள் பல இதை வெளிப்படையாகவே விலக்கிவைக்கின்றன. மருத்துவரும் ஆடிட்டரும் தம் வேலையில் நேரும் பிழைக்கு எடுத்துக்கொள்வது தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. அழகுக்கலைத் தொழிலுக்கும் தேவைப்படுவது அந்த வகையைச் சேர்ந்ததுதான். நம் ஊரில் சிறு பார்லருக்கு இதை ஏஜென்ட்டுகள் தாமாக எடுத்துச் சொல்வது அபூர்வம். ‘பப்ளிக் லயபிலிட்டி சேர்த்திருக்கிறேன் மேடம், எல்லாம் கவராகிவிடும்’ என்ற வாக்கியத்தில் ‘எல்லாம்’ என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம்.

ஹேர் டையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கறுப்பு டைகள் பலவற்றில் பாரா-ஃபீனைலீன் டைஅமீன் என்ற பொருள் இருக்கிறது. சிலருக்கு இது கடுமையான ஒவ்வாமையைத் தரும். பல முறை போட்டும் ஒன்றும் ஆகாதவருக்கு அடுத்த முறை திடீரென்று வரக்கூடும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். அதனால்தான் முன்கூட்டித் தோலில் சிறிது தடவிச் சோதிக்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கையைப் பெட்டியில் அச்சிட வேண்டும் என்று இந்திய விதிகள் சொல்கின்றன. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு அளவு தடவி 48 மணி நேரம் காத்திருப்பது வழக்கமான முறை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சனிக்கிழமை மாலை டை என்று வந்து நிற்பவரிடம் 48 மணி நேரத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கடினம் என்பது தெரியாததல்ல. ஆனால் தீங்கு நேர்ந்தால், நிறுவனத்தின் முதல் கேள்வியும் நுகர்வோர் ஆணையத்தின் முதல் கேள்வியும் அந்தச் சோதனையைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

நுகர்வோர் ஆணையம் என்றதும், அது பெரிய கடைகளுக்கானது என்று எண்ணக் கூடாது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் வாங்கிக்கொண்டு சேவை செய்பவர் எவர் மீதும் ‘சேவையில் குறைபாடு’ என்று புகார் கொடுக்கலாம். பெயர்ப்பலகை இல்லாத முன்னறைப் பார்லரும் இதில் அடக்கம். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணம்கூட இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

தொகை எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 2018இல் டெல்லியில் ஒரு நட்சத்திர விடுதியின் சலூனில், சொன்னதற்கு மாறாக முடியை மிகவும் குட்டையாக வெட்டிவிட்டார்கள் என்று ஒரு பெண் புகார் கொடுத்தார். முடி தொடர்பான விளம்பரங்களில் நடித்துவந்த தமக்கு அதனால் வாய்ப்புகள் போயின என்பது அவர் வாதம். 2021 செப்டம்பரில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. சேவைக் குறைபாடு என்ற முடிவில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தலையிடவில்லை. அவ்வளவு பெரிய தொகைக்கு ஆதாரம் வேண்டும் என்று சொல்லித் தொகையை மட்டும் மறு பரிசீலனைக்கு அனுப்பியது. வீட்டுப் பார்லருக்கு 2 கோடி வராது. ஆனால் ஒரு தோல் மருத்துவரின் சிகிச்சைச் செலவும், நின்றுபோன ஒரு நிச்சயதார்த்தத்தின் மன உளைச்சலும் சேர்ந்தால் ஒரு வருடப் பார்லர் வருமானம் போய்விடும்.

தீங்கு நேர்ந்த அன்று செய்ய வேண்டியதில், நல்ல மனம் உள்ளவர்களே தவறுகிறார்கள். பதற்றத்தில் ‘என் தப்புதான், செலவை நானே தருகிறேன்’ என்று சொல்லிவிடுவார்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதிவிடுவார்கள். பொறுப்புக் காப்பீட்டுப் பாலிசிகளில், நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ தொகை பேசவோ கூடாது என்ற நிபந்தனை வழக்கமாக இருக்கும். பாதிக்கப்பட்டவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், கூடவே இருங்கள். பணம் பற்றிய பேச்சை மட்டும் நிறுவனத்துக்குத் தெரிவித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மரு எரிப்பது, லேசர், ஊசி போடுவது போன்றவற்றை மருத்துவர்தான் செய்ய வேண்டும். அவற்றைப் பார்லரில் செய்துவிட்டு அழகுக்கலைப் பாலிசியில் இழப்பீடு கேட்க வழியில்லை. பயிற்சிச் சான்றிதழ் இல்லாத சேவையையும் நிறுவனம் அதே கண்ணோடுதான் பார்க்கும்.

நடத்துபவருக்கே ஏதாவது என்றால்

இது சுருக்கமானது. பிரதான் மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனாவில் வருடம் 20 ரூபாய்க்கு, 18 முதல் 70 வயது வரையுள்ளவருக்கு, விபத்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். நிரந்தர ஊனத்துக்கும் தொகை உண்டு. ஆனால் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போனால் அதில் ஒன்றும் வராது. அந்த வாரங்களின் வருமான இழப்புக்கு, தற்காலிக முடக்கத்துக்கு வாராவாரம் தொகை தரும் தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கேட்க வேண்டும். உதவிக்கு ஒரு பெண்ணை வைத்திருந்தால் அவர் பெயரையும் அதில் சேர்க்கலாம்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

காப்பீட்டு ஒப்பந்தம், விண்ணப்பதாரர் உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது. வீட்டுக்குள் தொழில் நடப்பது, செய்யும் சேவைகளின் முழுப் பட்டியல், உதவியாளர் இருப்பது ஆகியவற்றை மறைத்தால், பிரீமியத்தில் சில நூறு மிஞ்சலாம். கிளெய்ம் நாளில் நிறுவனத்துக்கு மறுக்க ஒரு காரணமும் கிடைத்துவிடும். ஏஜென்ட் நிரப்பிய படிவம் என்றாலும் கையெழுத்து உங்களுடையது. நடு வருடத்தில் புதிதாக ஹேர் ஸ்மூத்தனிங் தொடங்கினால், அதையும் எழுதிக் கொடுத்துப் பாலிசியில் சேர்க்கச் சொல்ல வேண்டும். அப்படிச் சேர்க்கும் திருத்தத் தாளுக்கு எண்டார்ஸ்மென்ட் என்று பெயர்.

வீட்டில் வைத்திருக்க வேண்டியவை: கருவிகளின் பில்கள், அறையின் புகைப்படங்கள், ஒரு சாதாரண நோட்டு. நோட்டில் தேதி, வாடிக்கையாளர் பெயர், செய்த சேவை, பயன்படுத்திய பொருளின் பெயர், சோதனை செய்த தேதி ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். பில்களையும் படங்களையும் மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். அலமாரி எரியும்போது அதற்குள் இருக்கும் பில்லும் எரியும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். தனி உரிமையாளர் தொழில்களும் குறு நிறுவனங்களும் அங்கே புகார் செய்ய முடியும்.

ஏஜென்ட்டுக்கு ஒரு கடிதம்

ஏஜென்ட்டிடம் ‘பார்லருக்கு ஒரு பாலிசி வேண்டும்’ என்று போனில் கேட்பதற்குப் பதிலாக, மின்னஞ்சலில் இப்படி எழுதிப் பாருங்கள்:

‘குடியிருக்கும் வீட்டின் ஒரு அறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். த்ரெட்டிங், ஃபேஷியல், வாக்சிங், ஹேர் டை, ஹேர் ஸ்ட்ரெயிட்னிங், மணப்பெண் மேக்கப் செய்கிறேன். கருவிகள் மற்றும் சரக்கின் மதிப்பு இவ்வளவு. நான் செய்யும் சேவையால் வாடிக்கையாளரின் தோலுக்கோ முடிக்கோ பாதிப்பு ஏற்பட்டால் இந்தப் பாலிசி இழப்பீடு தருமா? தரும் என்றால் எந்தப் பிரிவில்? எந்தெந்தச் சேவைகள் விலக்கப்பட்டுள்ளன? என் வீட்டுப் பாலிசி இதனால் பாதிக்கப்படுமா?’

இரண்டாவது கேள்விக்குப் பிரிவு எண்ணோடு பதில் வந்தால், அந்தப் பக்கத்தை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். சேவையால் நேரும் பாதிப்புக்கு இடமில்லை என்று வந்தால் வேறு இரண்டு நிறுவனங்களுக்கும் இதே கடிதத்தை அனுப்பிப் பார்க்கலாம். அங்கும் இல்லை என்றால், என் அபிப்பிராயத்தில், கிடைக்கும்வரை ஹேர் டையையும் ஸ்ட்ரெயிட்னிங்கையும் விலைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டுத் த்ரெட்டிங், மெஹந்தி, மேக்கப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. எடுக்க மனமில்லாதவர்கள், 48 மணி நேரச் சோதனைக்கு வர மறுப்பவருக்கு டை போடுவதில்லை என்று கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிடலாம்.